அராலிக்குக் காட்டுக்குள் ஒருத்தி

என் வீட்டுக்காரருக்குக் காட்டுக்குள்ளே ஒரு சின்ன வீடு இருக்கிறது என்று ஊரே சொல்லிச் சிரித்தது. அதை முதலில் சொன்னவள் நான்தான். பின்னே என்ன? விடியுமுன் எழுந்து போவார், பொழுது சாய்ந்து வருவார். கேழ்வரகுக் களியைக் கிள்ளி உருட்டி வாயில் போடுவதற்குள் அவள் பேச்சு ஆரம்பமாகிவிடும். இன்றைக்கு அவள் அத்தி மரத்தில் இருந்தாள். இன்றைக்கு அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். இன்றைக்கு அவள் பிள்ளை மடியைவிட்டுக் கொஞ்சம் இறங்கியது. எந்தப் பெண்டாட்டி இதைக் காது குளிரக் கேட்டுக்கொண்டிருப்பாள்?

அவள் ஒரு சிம்பன்சி. இடது காது பாதி கிழிந்து தொங்குகிற, கன்னங்கரிய பெண் சிம்பன்சி.

என் வீட்டுக்காரர் பெயர் முகாரா. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி அவரை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எங்கள் டோரோ மக்களில் பெயர் என்பது பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும்தான். ஆளோடு ஆள் பேச எம்பாகோ வேண்டும். பிறந்த குழந்தைக்கு வைக்கிற செல்லப்பெயர் அது. எதிரில் வருகிறவரை அதைச் சொல்லி நலம் விசாரிக்காமல் கடந்து போனால், அவரை ஒரு ஆளாகவே மதிக்கவில்லை என்று அர்த்தம். அவருடையது அராலி, என்னுடையது அடியேரி. அராலி என்றால் இடி. இந்த மனிதருக்கும் இடிக்கும் ஏழாம் பொருத்தம். இவர் கூப்பிட்டால் எங்கள் வீட்டு ஆடுகூடத் திரும்பிப் பார்க்காது.

கல்யாணத்துக்கு முன்பு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார். என் அப்பா காப்பிக்கொட்டை காயப்போடும் களத்துக்குப் பக்கத்தில் சாயங்காலமானால் வந்து உட்காருவார். என்னைப் பார்க்க மாட்டார். வேறு எங்கேயோ பார்த்தபடி ஒரு புல்லை மென்றுகொண்டிருப்பார். முதலில் எனக்குப் பயமாக இருந்தது. அப்புறம் எரிச்சலாக வந்தது. அப்புறம் ஒரு நாள் அவர் வராமல் போனபோது கொட்டையைக் கிளறுவதை விட்டுவிட்டுப் பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "அந்தப் பையனுக்கு வாயே கிடையாதா?" என்று அப்பா கேட்டார். அதற்குள் எனக்குப் பழகிப்போயிருந்தது. பின்னாளில் எங்கள் ஊர்க் காட்டுப் பூங்காவில் இவரைச் சிம்பன்சி பழக்குகிற வேலைக்கு எடுத்தபோது, ஆளைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

கிபாலே காட்டில், காசு கட்டி வருகிற விருந்தாளிகள் போய்ப் பார்க்கிற சிம்பன்சிக் கூட்டம் ஏற்கெனவே உண்டு. சதுப்புக்கு அந்தப் பக்கம் இருந்தது வேறு கூட்டம். அதுகளுக்கு மனித வாடையே ஆகாது. தூரத்தில் ஒரு தலை தெரிந்தால் போதும், கூச்சலும் ஓட்டமும்தான். அந்தப் பயத்தைப் போக்குவதுதான் இவர் வேலை. வேட்டைக்காரன் ஒளிந்து போவான், இவர் தெரியும்படிப் போக வேண்டும். ஒரே பச்சைச் சட்டை, ஒரே நடை. அதுகள் ராத்திரி கூடு கட்டிப் படுத்த மரத்தடிக்கு விடியும்போதே போய், ஓடினால் பின்னாலேயே போய், நின்றால் தானும் நின்று, கண்ணைப் பார்க்காமல் பக்கவாட்டில் உட்கார்ந்து, இலையைப் பறித்துத் தின்கிற மாதிரிப் பாசாங்கு செய்து, நான் உங்களை ஒன்றும் செய்ய வரவில்லை என்று காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். தீனி போடக் கூடாது. பேசக் கூடாது. இப்படி வருஷக்கணக்காக.

ஆரம்பத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தார். கிளையை முறித்து எறிந்ததில் நெற்றியில் ஒரு தழும்பு. மரத்தின்மேல் இருந்துகொண்டு தலையில் மூத்திரம் பெய்துவிட்ட நாட்களும் உண்டு. அந்த நாட்களில் கிணற்றடியிலேயே நிறுத்திக் குளிக்கவைத்துத்தான் உள்ளே விடுவேன்.

"இன்னிக்கு யாரு ஆசீர்வாதம் பண்ணது?" என்று கேட்பேன்.

"பெரிய ஆம்பளை. ஓடாம மேலயே உக்காந்திருந்தான் அடியேரி. நல்ல சகுனம்."

"தலையில ஊத்தினது சகுனமா? நான் ஊத்தினா வீட்டை விட்டுப் போயிட மாட்டீங்க?"

சிரிப்பார். இன்னொரு வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொள்வார்.

ஆண் சிம்பன்சிகள் மெல்ல மெல்ல வழிக்கு வந்தன. தாய்மார்கள் வரவில்லை. அவர்களில் மகா பயந்தாங்கொள்ளி அந்தக் காது கிழிந்தவள். அவள் எழுந்து ஓடினால் பிள்ளை வைத்திருக்கிற அத்தனை பேரும் பின்னாலேயே ஓடுவார்கள். ஆபீசில் அவளுக்கு ஏதோ எழுத்தும் எண்ணும் கொடுத்திருந்தார்கள். இவருக்கு அது வாயில் நுழையவில்லை. அப்வோலி என்று எம்பாகோ வைத்தார். அப்வோலி என்றால் பூனை. சும்மா படுத்திருப்பதுபோல் இருந்துகொண்டு எல்லாவற்றையும் பார்க்கிறவள் என்று அர்த்தம்.

ஒரு மழை நாளில் சொட்டச் சொட்ட நனைந்து வந்து வாசலிலேயே நின்றார். உள்ளே வரவில்லை.

"அடியேரி, அவ போகல," என்றார்.

"எவ?"

"அப்வோலி. நான் போய் உக்காந்தேன். பார்த்தா. போகல. பிள்ளைக்குப் பேன் பார்த்துக்கிட்டே இருந்தா."

கோழி அடிக்கச் சொன்னார். எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸுக்கு அடிக்கிற கோழி. எவளோ ஒருத்தி பேன் பார்த்ததற்கு நான் எதற்குக் கோழியைக் கொடுக்க வேண்டும் என்று சண்டை போட்டேன். போட்டுக்கொண்டேதான் அடித்தேன். அவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு, பூங்காவுக்குப் பொறுப்பான வார்டன் அம்மா நாள் குறித்தார். அவர் எம்பாகோ அமூட்டி, நல்ல பெண், கறாரான பெண். விருந்தாளிகளை முதன்முதலாக இந்தக் கூட்டத்திடம் கூட்டிப்போகிற நாள் அது. தாய்மார்கள் ஓடாமல் இருந்தால் இந்தக் கூட்டத்தையும் விருந்தாளிகள் பார்க்கத் திறந்துவிடுவார்கள். ஓடிவிட்டால், அதுகளை இனிமேல் தொல்லை செய்ய வேண்டாம், இதோடு விட்டுவிடலாம் என்று மேலிடத்தில் பேசியிருந்தார்கள். இத்தனை வருஷ நடையும் காட்டோடு போய்விடும். ஆக எல்லாம் அப்வோலி கையில் இருந்தது. அன்றைக்கு எங்களைப் போல வேலைக்காரர் வீட்டு ஆட்களும் ஒருவரிருவர் வந்து பார்க்கலாம் என்று அமூட்டி சொல்லியிருந்தார். எனக்கு ஆசையில்லை. எங்கள் சோளக்கொல்லையில் சிம்பன்சி புகுந்து துவம்சம் செய்த வருஷத்தை நான் மறக்கிறவள் இல்லை.

அந்த நாள் விடிந்தது. அவர் பூட்ஸை மாட்டிக்கொண்டிருந்தார். அப்போது அந்தச் சத்தம் கேட்டது.

"என்ன அது?" என்றேன்.

"இருமல்."

"இருமல் இல்ல. அடுப்புப் புகை."

"நீ இன்னும் அடுப்பே பத்த வைக்கலையே."

"இஞ்சி தட்டிப்போட்டுத் தேன் விட்டுத் தரேன். குடிச்சுட்டு வாயை மூடிக்கிட்டுப் போங்க. எப்பவும் மூடித்தானே இருக்கு."

"அவ பிள்ளை சின்னது அடியேரி. நமக்கு வந்தா நாலு நாளு மூக்கு ஒழுகும். அதுகளுக்கு வந்தா நெஞ்சுல சளி கட்டிச் செத்துப் போயிடும்."

"யாருக்கும் தெரியாது. ஒரே ஒரு தடவைதானே இருமினீங்க."

"இன்னும் வரும். தொண்டையில நிக்குது."

எனக்கு வந்த கோபத்துக்குக் கையில் இருந்த அகப்பையைத் தூக்கி எறிந்தேன். அவர்மேல் இல்லை, சுவரில். இத்தனை வருஷம் மழையில் நனைந்து, எறும்புக்கடி பட்டு, மூத்திரத்தில் குளித்தவர், பலனைப் பார்க்கிற ஒரே நாளில் வீட்டில் உட்காருவதா? கடவுளுக்கே அடுக்காது என்று கத்தினேன். அவர் அகப்பையை எடுத்துக் கழுவி வைத்துவிட்டுக் கிளம்பினார். நான் பின்னாலேயே போனேன். வழியிலாவது மனம் மாறுவார் என்று நினைத்தேன்.

பூங்கா வாசலில் வார்டன் அம்மாவிடம் நேரே போய், "அமூட்டி, எனக்கு இருமல்," என்றார்.

அமூட்டி அவரையே பார்த்தார். "என் காதுல ஒண்ணும் விழலையே அராலி," என்றார்.

"என் காதுல விழுந்துச்சு அமூட்டி."

அந்தக் கறாரான பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, விருந்தாளிகளை அட்வூக்கி அழைத்துப் போகட்டும் என்றார். அட்வூக்கி இளையவன், நல்ல பையன், இவரோடு கடைசி வருஷம் மட்டும் நடந்தவன்.

"அப்ப என் இடத்துல இவ போகட்டும்," என்று என்னைக் காட்டினார் அவர்.

"நானா? எனக்கு அதுகளைப் பார்த்தாலே ஆகாது."

என்னைக் கையைப் பிடித்துத் தனியே அழைத்துப் போனார். நாலு பேர் பார்க்க அவர் என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. விஷயம் பெரியது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

"ஒரு தப்புப் பண்ணிட்டேன்," என்றார். "அவளைத் தினமும் விசாரிச்சேன்."

"யாரை?"

"அப்வோலியை. தினமும் காலையில. 'அப்வோலி, ராத்திரி எப்படிப் போச்சு'ன்னு."

"பேசக் கூடாதுன்னுதானே சட்டம்?"

"ஒருத்தர் வாசலுக்குப் போயி, திருடன் மாதிரி வாயை மூடிக்கிட்டு எப்படி உக்கார்றது? என்னால முடியல. அமூட்டிக்குத் தெரியாது." தொண்டையைச் செருமிக்கொண்டார். "இப்பப் பயமா இருக்கு. அவ மனுஷங்களுக்குப் பழகாம என் குரலுக்கு மட்டும் பழகியிருந்தா? நான் இல்லாம இத்தனை புது ஆளுங்களைப் பார்த்தா ஓடிருவா."

"அதுக்கு நான் என்ன செய்ய?"

"அவ எழுந்து நின்னான்னா, நீ மெதுவா விசாரி. நம்ம பேச்சு அவளுக்குத் தெரியும்."

"என் சோளத்தைத் தின்னவளுக்கு நான் நலம் விசாரிக்கணும்?"

"அது அவ இல்ல. அது வேற கூட்டம்."

"எல்லாம் ஒரே சம்பந்தி வீடுதான்," என்றேன். ஆனால் ரப்பர் பூட்ஸை வாங்கி மாட்டிக்கொண்டேன்.

எங்களோடு வந்த விருந்தாளிகள் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி, கம்பாலாவிலிருந்து வந்த ஒரு பல் டாக்டர், அவர் மனைவி. பேன்ட்டைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள் என்று அட்வூக்கி தொண்டைத்தண்ணீர் வற்றச் சொன்னான். பல் டாக்டர் கேட்கவில்லை. படை எறும்பு ஏறியது. காட்டுக்குள் ஒரு பெரிய மனிதர் பேன்ட்டைக் கழற்றிவிட்டுக் குதிக்கிற காட்சியை, சிவப்புக் குரங்குகள் கிளைகளில் வரிசையாக உட்கார்ந்து பார்த்தன. நானும் மரத்துக்குப் பின்னால் போய்ச் சிரித்துவிட்டு வந்தேன். அன்றைக்கு எனக்கு அந்தச் சிரிப்பு தேவைப்பட்டது.

யானை போன தடத்தில் தண்ணீர் தேங்கியிருந்தது. மேலே ஒரு பெரிய நீலப் பறவை கத்திக்கொண்டு தாவியது. இந்தக் காட்டின் ஓரத்திலேயே பிறந்து வளர்ந்தவள் நான். விறகுக்கும் காளானுக்கும் ஓரமாக வந்திருக்கிறேனே தவிர, இவ்வளவு உள்ளே வந்ததில்லை. நடக்க நடக்க, ஒவ்வொரு நாளும் இந்த மனிதர் நடந்த தூரம் என் முழங்காலுக்குப் புரிந்தது. திடீரென்று மரத்தின் பலகைபோல் விரிந்த வேரில் யாரோ தம் தம்மென்று அடிக்கிற சத்தமும், அதைத் தொடர்ந்து ஒரு பெருங்கூச்சலும் கேட்டன. வீட்டில் படுத்திருக்கும்போது தினமும் கேட்கிற சிம்பன்சிக் கூச்சல்தான். பக்கத்தில் கேட்டபோது அட்வூக்கியின் சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

அட்வூக்கி எல்லாரையும் முகமூடி போட்டுக்கொள்ளச் சொன்னான். பிறகு கையைக் காட்டினான்.

பெரிய அத்தி மரம். அடியில் அவள். கிழிந்த காதைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. இவர் சொல்லிச் சொல்லி எனக்கு அவளை என் நாத்தனாரைவிட நன்றாகத் தெரியும். கால்களை நீட்டி உட்கார்ந்து, உதிர்ந்த பழத்தைப் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தாள். பிள்ளை அவள் வயிற்றில் தொற்றிக்கொண்டு எங்களை முட்டை முட்டைக் கண்ணால் பார்த்தது. அவளைச் சுற்றி இன்னும் மூன்று நான்கு தாய்மார்கள். நான் என்ன நினைத்துப் போனேனோ தெரியாது. சந்தை முடிந்து நிழலில் உட்கார்ந்திருக்கிற பெண்களைத்தான் கண்டேன்.

பல் டாக்டரின் மனைவி காலை மாற்றி வைத்தார். காய்ந்த குச்சி முறிந்தது.

அப்வோலி எழுந்துவிட்டாள். மயிர் சிலிர்த்துக்கொண்டது. பிள்ளையை ஒரு கையால் இறுக்கினாள். மற்ற தாய்மார்களும் தின்பதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார்கள். அட்வூக்கியின் முதுகு விறைத்ததை நான் பார்த்தேன். இவருடைய அத்தனை வருஷ நடையும் அவள் அடுத்து வைக்கப்போகிற அந்த ஒரு அடியில் நின்றுகொண்டிருந்தது. முகமூடிக்குள் வாயைத் திறந்தேன். அப்வோலி, ராத்திரி எப்படிப் போச்சு என்று கேட்டுவிடத்தான் திறந்தேன்.

கேட்குமுன் அவள் உட்கார்ந்துவிட்டாள்.

ஒருவரும் அவளை எதுவும் கேட்கவில்லை. அவளாகவே, இவர்களால் ஒன்றும் ஆகாது என்று முடிவு செய்தவளைப் போல, உட்கார்ந்து இன்னொரு பழத்தை எடுத்துக் கடித்தாள். மற்றவர்களும் தின்ன ஆரம்பித்தார்கள். வெள்ளைக்காரம்மா சத்தமில்லாமல் அழுதார். அவருக்கு இந்தக் கதை ஒன்றும் தெரியாது, இருந்தும் அழுதார். அனுமதித்த நேரம் முடிகிறவரை அங்கேயே நின்றோம். கடைசியில் அப்வோலி எழுந்து, அவசரமில்லாமல், எனக்குப் பக்கமாகவே நடந்து போனாள். ஒரு பார்வை பார்த்தாள். காலி நாற்காலியைப் பார்க்கிற பார்வை. அவ்வளவுதான்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இவர் வருஷக்கணக்காக விசாரித்தாரே, இன்றைக்கு எங்கே காணோம் என்று இவள் ஒரு தடவை தலையைத் திருப்பிப் பார்த்திருக்க வேண்டாமா? அந்தப் பாதையை ஒரு தடவை பார்த்தால் கழுத்து சுளுக்கிக்கொள்ளுமா? திரும்பி வருகிற வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அவரிடம் இதை எப்படிச் சொல்வது?

வாசலில் ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்திருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்தார், ஆனால் கிட்டே வரவில்லை. நான் மட்டும் போனேன்.

எங்கள் மக்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வெளியே போய் வந்தவர், வீட்டில் இருந்தவரிடம், அவர்கள் உன்னைக் கேட்டார்கள் என்று முதலில் சொல்ல வேண்டும். கேட்டிருக்காவிட்டாலும் சொல்ல வேண்டும். கல்யாண வீடானாலும் சாவு வீடானாலும் அதுதான் மரியாதை. என் வாயும் பழக்கத்தில் அதையே சொல்லிவிட்டது.

"ஓடல. எல்லாரும் இருந்தாங்க," என்றேன். "ஆனா அவ உங்களைத் தேடினா. நாங்க வந்த பாதையையே பார்த்துக்கிட்டு இருந்தா."

சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகம் செத்துவிட்டது.

"தேடினாளா?"

"ஆமா. பாவமா இருந்துச்சு."

"அப்ப நான் நினைச்சதுதான்," என்றார். "எனக்குத்தான் பழகியிருக்கா. இன்னிக்கு ஓடல, நாளைக்கு ஓடுவா. நான் வருவேன்னு நினைச்சு வேற எவன்கிட்டயாவது போய் நின்னாலும் நிப்பா." நெற்றித் தழும்பைத் தடவிக்கொண்டார். "அமூட்டிகிட்ட உண்மையைச் சொல்லிடறேன். கூட்டத்தைத் திறக்க வேண்டாம்." சொல்லிவிட்டு ஆபீஸைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். இந்த மனிதர் சொன்னால் சொன்னதுதான்.

ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்தேன்.

"பொய் சொன்னேன்," என்றேன்.

"எது பொய்?"

"தேடினாங்கிறது. அவ தேடவே இல்ல அராலி. பாதைப் பக்கம் திரும்பக்கூட இல்ல."

"என் மனசு நோகக் கூடாதுன்னு சொல்றியா?"

"மனசு நோகக் கூடாதுன்னு சொன்னது முதல்ல சொன்னது. இது நிஜம். குச்சி உடைஞ்சுது, எழுந்தா. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அவளே உக்காந்துட்டா. யாரும் விசாரிக்கல. உங்களை மாதிரி ஒருத்தர் இருந்ததே அவளுக்கு ஞாபகம் இருக்கிற மாதிரி தெரியல. என்னைக் கடந்து போனா, ஒரு கல்லைக் கடந்து போற மாதிரி போனா. போதுமா?"

அவர் மெல்ல அந்தக் கட்டையிலேயே உட்கார்ந்தார். வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. இருமுகிறார் என்றுதான் நினைத்தேன். குனிந்து பார்த்தால் அழுகிறார். அழுதுகொண்டே சிரிக்கிறார்.

"இன்னொரு தடவ சொல்லு," என்றார்.

"எதை?"

"அவ என்னைத் தேடலைன்னு."

"தேடல."

"கடவுளே, உனக்கு நன்றி," என்றார். அந்த ஒரு தடவைதான் அவர் குரல் சத்தமாக வந்து நான் கேட்டது. ஆபீசுக்குள் இருந்த அமூட்டி ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். அவரிடமும் போனார். தினமும் விசாரித்ததை ஒளிக்காமல் சொன்னார். அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்பதையும் சொன்னார். அமூட்டி திட்டினாரா சிரித்தாரா என்று எனக்குத் தெரியாது, கதவு சாத்தியிருந்தது.

வீட்டுக்கு நடந்து வந்தோம். வழியில் எதிர்ப்பட்டவர்கள் எல்லாரும், "அராலி, இன்னிக்கு உங்க ஆளு என்ன சொன்னா?" என்று கேட்டார்கள். பிள்ளை பிறந்த சேதியைச் சொல்லுகிறவரைப் போல ஒவ்வொருவரிடமும் நின்று, "என்னை மறந்துட்டா, இனி யார் போனாலும் அவளுக்குப் பயமில்ல," என்று சொன்னார். நான் அவருக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு தடவையும் அதைக் கேட்டேன். கேட்கக் கேட்க அலுக்கவில்லை.